மூளை நீர்த்தேக்கமும் குழந்தைகளின் வளர்ச்சியும்

ஹைட்ரோசெபாலஸ் எனப்படும் மூளை நீர்த்தேக்கம், மூளைத் தண்டுவட நீர் மூளை அறைகளில் தேங்கி அவற்றை விரியச் செய்யும் நோயாகும். கைக்குழந்தையின் தலை வழக்கத்தைவிட வேகமாகப் பெரிதாவது இதன் முக்கிய அறிகுறி. இந்நோயுள்ள சில குழந்தைகளுக்கு உயரக் குறைவும் முன்கூட்டிய பூப்பும் ஏற்படுகின்றன. குழந்தைகள் பிழைத்து வளரத் தொடங்கிய பின்னரே மருத்துவம் இதைக் கவனித்தது.

உயிர் காத்த குழாய்

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜான் ஹோல்டர் என்ற தொழில்நுட்பர், இந்நோயுடன் பிறந்த தம் மகனுக்காக ஒரு வால்வை வடிவமைத்தார். அறுவை மருத்துவர் யூஜின் ஸ்பிட்ஸ் 1956 இல் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார். தேங்கிய நீரை உடலின் வேறிடத்துக்கு வடிக்கும் 'ஷண்ட்' குழாய் அதன்பின் பரவலாயிற்று.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் முன்பே இடப்பட்டிருந்தது. 1949 இல் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950 இல் பா. இராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் அப்பணியைத் தொடங்கினார். பின்னாளில் உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாரான சாப்ரா ஷண்ட், வெளிநாட்டுக் குழாய்களைவிடப் பன்மடங்கு குறைந்த விலையில் கிடைத்தது.

ஹார்மோன் தொடர்பு

மூன்றாம் மூளை அறையின் சுவரிலும் அடித்தளத்திலும் ஹைப்போதலமஸ் உள்ளது. பிட்யூட்டரி சுரப்பியை இயக்குவது இதுவே. அறை விரியும்போது இப்பகுதி அழுந்துவதால் வளர்ச்சி ஹார்மோன் குறையலாம். பூப்பைத் தூண்டும் ஹார்மோனை உரிய வயதுவரை அடக்கிவைக்கும் கட்டுப்பாடும் தளரலாம். 1990களில் பின்லாந்தின் ஊலு நகர ஆய்வாளர்கள், ஷண்ட் பொருத்தப்பட்ட குழந்தைகளிடம் வளர்ச்சி ஹார்மோன் குறைவையும் பூப்பு முந்துவதையும் பதிவு செய்தனர்.

பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன்பும் ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன்பும் தோன்றும் பருவ மாற்றம் முன்கூட்டிய பூப்பு எனப்படும். அப்போது குழந்தை சட்டென்று உயர்வதால் பெற்றோர் மகிழ்வர். ஆனால் எலும்பின் வளர்முனைகள் விரைவில் மூடிக்கொள்வதால் இறுதி உயரம் குறைந்துவிடும். பெண் குழந்தை சீக்கிரம் பெரியவளானதை மஞ்சள் நீராட்டுக்குரிய செய்தியாக மட்டும் கொள்ளும் குடும்பத்தில், சிகிச்சைக்குரிய காலம் கடந்துபோகலாம்.

சிகிச்சையின் வளர்ச்சி

1958 இல் மாரிஸ் ரேபன், இறந்தோரின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோனால் ஒரு சிறுவனின் உயரம் கூடியதை அறிவித்தார். அவ்வாறு எடுக்கப்பட்ட மருந்தின் வழியே கொடிய மூளைநோய் தொற்றியது தெரிந்ததால் 1985 இல் அமெரிக்காவில் அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் மரபணுப் பொறியியல் முறையில் தயாரித்த ஹார்மோன் அங்கு ஒப்புதல் பெற்றது. முன்கூட்டிய பூப்பை நிறுத்திவைக்கும் ஊசிகள் 1980களில் பயனுக்கு வந்தன.

கள்ளக்குறிச்சி வட்டாரம்

விழுப்புரத்திலிருந்து 2019 இல் பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு, 2022 ஜனவரி 12 அன்று சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கல்வராயன் மலைச் சிற்றூர்க் குழந்தைக்கு ஷண்ட் பொருத்துவது ஓரிரு முறை பயணத்தில் முடியலாம். வளர்ச்சியைக் கண்காணிப்பதோ பல ஆண்டுப் பணி. அதற்கு வேண்டிய முதற்கருவி ஊரிலேயே உள்ளது. 1975 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் எடையும் உயரமும் அளக்கப்படுகின்றன. 2013 இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று, 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்கின்றன. முதுகுத்தண்டுப் பிளவால் நேராக நிற்க இயலாத குழந்தைக்கு, விரித்த கைகளின் நீளத்தை அளந்து உயரத்தைக் கணிக்கலாம். ஷண்ட் உள்ள குழந்தையின் அட்டையில் வளர்ச்சிக்கோடு திடீரென ஏறினாலும் தேங்கி நின்றாலும், ஹார்மோன் பரிசோதனைக்கு அனுப்ப அதுவே போதிய காரணமாகும்.