வட்டைக்கேற்ற பட்டா

மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் தனிப்பெயர் உண்டு. நடுவில் அச்சைத் தாங்கி நிற்பது குடம். குடத்திலிருந்து கிளைத்துச் செல்வன ஆரக்கால்கள். அவற்றின் வெளிமுனைகளை இணைத்து வளைந்து நிற்பது வட்டை. வட்டையின்மேல் இறுகிக் கிடப்பது இரும்புப் பட்டா. இப்பட்டாவைக் கொல்லன் வட்டையின் சுற்றளவுக்குச் சரியாக வெட்டுவதில்லை. சிறிது குறைத்தே வெட்டுவான். நெருப்பிலிட்டுச் சிவக்கக் காய்ச்சினால் இரும்பு விரியும். விரிந்த நிலையில் வட்டையில் ஏற்றித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கி மரத்தைப் பற்றிக்கொள்ளும். குறைத்த அளவு மிகுந்துவிட்டால் வட்டை நெரியும். போதாவிட்டால் பட்டா நடுவழியில் கழன்று தனியே உருண்டோடும். அந்தக் குறைவு எவ்வளவு என்பதில்தான் தொழிலின் நுட்பமெல்லாம் அடங்கியிருந்தது.

மலாக்கா மாநிலத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செப்பனிட்டுப் பேணும் ஒருவர், புதிய ‘ஸ்போர்ட் ரிம்’மும் டயரும் தேடி ஜாசினிலோ அலோர் காஜாவிலோ உள்ள கடைக்குச் செல்லும்போது அவருக்கு எதிர்ப்படுவதும் அதே கேள்விதான். எந்தக் குடத்திற்கு எந்த வட்டை, எந்த வட்டைக்கு எந்தப் பட்டா? பளபளப்பையும் அகலத்தையும் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்போர் பலர். அளவைப் பார்த்துத் தேர்வோர் சிலரே. அந்த அளவுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறோ மலாக்காவின் கித்தாக் காடுகளைத் தொடாமல் நகர்வதில்லை.

1896ஆம் ஆண்டில் மலாக்காவைச் சேர்ந்த தான் சாய் யான் என்னும் சீன வணிகர், புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கர் நிலத்தில் இரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிக நோக்குடன் எழுந்த முதல் இரப்பர்த் தோட்டம் அதுவே. அதுவரை அப்பகுதியில் செழித்திருந்தது மரவள்ளிப் பயிர். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, இரப்பரை நடும்படி தோட்டக்காரர் ஒவ்வொருவரையும் வற்புறுத்தி வந்தார். அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்ற பட்டப்பெயரே அதனால் மிஞ்சிற்று. அவர் சொல்லைக் கேட்ட முதல்வர் தான் சாய் யான். புக்கிட் லிந்தாங்கை அடுத்துப் புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் அவர் தோட்டம் விரிந்தது. பட்டையை ஆழக் கொத்தி மரத்தைச் சாகடிக்காமல், அதே காயத்தை நாள்தோறும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையையும் ரிட்லியே வகுத்துத் தந்தார். அந்தச் சீவலைச் செய்த கைகளில் பெரும்பாலானவை, கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்தவை.

அவ்வளவு பாலும் எதற்குத் தேவைப்பட்டது? பச்சை இரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அக்குறை நீங்கும் என்பதை 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டார். 1845இல் இராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதை ஏற்க அக்காலம் ஆயத்தமாக இல்லை. 1888இல் பெல்பாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காக அதை மீண்டும் கண்டார். 1895இல் மிச்சலின் சகோதரர்கள் காற்றடைத்த டயருடன் பாரிஸ்–போர்தோ பந்தயத்தில் காரோட்டினர். அதற்கு மறு ஆண்டுதான் புக்கிட் லிந்தாங்கில் கன்று நடப்பட்டது.

கார் பெருகப் பெருக இரப்பரின் விலை ஏறிற்று. 1910இல் இலண்டன் சந்தையில் ஒரு பவுண்டு இரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அவ்வாண்டு முதல் டன்லப் நிறுவனம் மலாயாவில் தனக்கெனத் தோட்டங்களை வாங்கத் தொடங்கியது. டயர் வார்ப்பவரே மரத்துக்கும் உடையவரானார். ஏறிய விலை அவ்வாறே நிற்கவில்லை. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது, 1932இல், அதே பவுண்டு மூன்று பென்சுக்கும் கீழே இறங்கியது. அமெரிக்காவில் கார் வாங்குவோர் குறைந்தபோது மலாயாத் தோட்டங்களில் பெரட்டுக்கு வரும் ஆட்கள் குறைக்கப்பட்டனர். பல்லாயிரம் தமிழர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். டயருக்கும் தோட்ட இலயத்திற்கும் இருந்த உறவு அத்துணை நேரானது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டன் தன் ஸ்போர்ட்ஸ் கார்களை வெளிநாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. அவற்றுள் பெயர்பெற்றது எம்.ஜி. டி.சி. 1945 முதல் 1949 வரை வெளிவந்த அக்காரின் சக்கரம் ஏறக்குறைய மாட்டுவண்டிச் சக்கரத்தின் தம்பி எனலாம். 19 அங்குல விட்டம், மெல்லிய கம்பி ஆரக்கால்கள், நான்கரை அங்குல அகலமே உடைய டயர். நடுவிலுள்ள ஒற்றைத் திருகு மூடியைச் சுத்தியலால் தட்டிக் கழற்றலாம். ஓட்டத்தில் தளராதிருக்க, இடப்பக்க மரைக்கும் வலப்பக்க மரைக்கும் திசை மாறியிருக்கும். 1950இல் வந்த டி.டி. காரில் சக்கரம் 15 அங்குலமாயிற்று. 1962இல் வந்த எம்.ஜி.பி.யில் 14 ஆயிற்று. 1959இல் பிறந்த மினியோ பத்தே அங்குலச் சக்கரத்தில் ஓடியது. காரின் உடல் தாழத் தாழச் சக்கரமும் சிறுத்தது. பின்னர் ஒரு தலைமுறை கழித்து அது மீண்டும் பெரிதானது என்பது வேடிக்கையான செய்தி. 10 அங்குல டயரும், டி.சி. காருக்குரிய மெல்லிய 19 அங்குல டயரும் இன்று பெரும்பாலும் தனியே வரவழைக்க வேண்டியவையே.

இந்தக் கார்கள் ஓடிய காலத்தில், அவற்றின் டயருக்குப் பால் எடுத்தோர் பெரும்பாலும் நடந்தே சென்றனர். 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர் தம் குறைகளை எடுத்துரைக்கக் கோலாலம்பூர் வரை கால்நடையாகவே சென்றனர். மலாயாவில் இரப்பர் முதன்முதலில் வேரூன்றிய தோட்டங்களுள் ஒன்றிலிருந்து, இரப்பர்ச் சக்கரங்கள் விரையும் நெடுஞ்சாலையோரமாக நிகழ்ந்த நடை அது.

இதற்கிடையில் டயரின் உள்ளமைப்பே மாறிக்கொண்டிருந்தது. பழைய டயரில் நூலிழைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும். 1946இல் மிச்சலின் நிறுவனம் காப்புரிமை பெற்று 1949இல் விற்பனைக்குக் கொணர்ந்த ரேடியல் டயரில், இழைகள் ஆரக்கால்போல் நேராக ஓடும். அவற்றின்மேல் எஃகுக் கச்சை சுற்றியிருக்கும். சாலையைப் பற்றும் திறனும் உழைப்பும் கூடின. இப்புதிய டயரின் மெல்லிய பக்கச்சுவர் ஓயாமல் வளைந்து நிமிர்வது; வளைவில் எழும் சூட்டைத் தாங்குவதற்குச் செயற்கை இரப்பரினும் இயற்கை இரப்பரே ஏற்றது. செயற்கை இரப்பரின் வரவால் தோட்டங்கள் மங்கிவிடும் என்று பலர் அஞ்சியிருந்த வேளையில், ரேடியல் டயர் மரத்துப் பாலுக்கு மீண்டும் மதிப்பைத் தேடித் தந்தது. உலகின் முதன்மை இரப்பர் உற்பத்தியாளராக மலேசியா 1980களின் இறுதிவரை நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய காருக்கு டயர் தேடுவோர் முதலில் தெளிய வேண்டியது இந்த மாற்றத்தையே. 5.60–14 என்று பழைய டயரில் இருந்தால், முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலம். 185/70 R 13 என்றிருந்தாலோ 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. R ரேடியலைக் குறிக்கும். 13 மட்டும் இன்றும் அங்குலமே. ஒரே வரியில் இரண்டு அளவைமுறைகள்! குறுக்கிழை டயரையும் ரேடியலையும் ஓர் அச்சில் கலந்து பூட்டுவது ஆபத்து. முன்னால் ரேடியலும் பின்னால் குறுக்கிழையும் பூட்டுவது அதனினும் ஆபத்து. வளைவில் பின்பக்கம் முதலில் பிடி இழந்து வண்டி சுழன்றுவிடும். கம்பி ஆரக்கால் ரிம்மில் ஆரக்கால்களின் முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருப்பதால் டியூப் இன்றியமையாதது. அதுவும் ரேடியலுக்கென்று செய்யப்பட்ட டியூபாக இருத்தல் வேண்டும்.

அடுத்தது முழு உயரம். 1978இல் வெளிவந்த மாஸ்டா ஆர்.எக்ஸ்–7 காரை எடுத்துக்கொண்டால், அதன் 185/70 R 13 டயரின் பக்கச்சுவர் 129.5 மி.மீ.; மேலும் கீழுமாக 259. ரிம்மின் 13 அங்குலம் 330.2 மி.மீ. ஆகமொத்தம் 589.2 மி.மீ. இக்காருக்கு 14 அங்குல ரிம் பூட்ட விரும்பினால், 195/60 R 14 டயரின் உயரம் 589.6 மி.மீ.; வேறுபாடு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 15 அங்குலத்திற்கு 205/50 R 15 என்றால் 586. இவ்வாறு உயரத்தைக் காத்துக்கொண்டால் வேகமானி பொய் சொல்லாது. பல்சக்கரப் பெட்டியின் கணக்கும் கெடாது. கணக்குப் பாராமல் 205/70 R 15 பூட்டினால் உயரம் 668 மி.மீ. ஆகிவிடும், வேகமானி 80 கிலோமீட்டர் காட்டுகையில் கார் 90ஐத் தாண்டி ஓடும். அதற்கு முன்பே டயர் மட்கார்டில் உரசியிருக்கும்.

உயரம் பொருந்தினாலும் ரிம் குடத்தில் பொருந்த வேண்டும். பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். ஆர்.எக்ஸ்–7 காரின் தொடக்ககாலக் குடத்தில் நான்கு ஆணிகள் 110 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நிற்கும். சந்தையில் எளிதில் கிடைக்கும் ரிம்களோ 100 அல்லது 114.3 மி.மீ. வட்டத்தவை. 114.3க்கும் 110க்கும் உள்ள வேறுபாடு ஒவ்வோர் ஆணிக்கும் இரண்டே மில்லிமீட்டர். கைவலிமையால் முறுக்கினால் ஏறியும் விடும். ஆனால் மரை சாய்ந்து ஏறும். சில நூறு மைல்களில் தளரும் அல்லது ஆணி முறியும். வட்டை நெரிந்த வண்டி பள்ளத்தில் நிற்கும். ஆணி முறிந்த கார் அவ்வாறு நிற்பதில்லை.

குடத்தின் முகத்திற்கும் ரிம்மின் நடுக்கோட்டிற்கும் இடையேயுள்ள தொலைவு இன்னொன்று. கடைக்காரர்கள் இதை ‘ஆஃப்செட்’ என்பர். 5.5 அங்குல அகலமுள்ள ரிம்மை எடுத்துவிட்டு அதே ஆஃப்செட்டில் 7 அங்குல ரிம் பூட்டினால், உள்ளேயும் வெளியேயும் 19 மி.மீ. கூடும். உள்ளே கூடியது சஸ்பென்ஷன் கம்பியில் இடிக்கலாம். வெளியே கூடியது மட்கார்டைக் கடந்து நீட்டலாம். உரசலைத் தவிர்க்க ஆஃப்செட்டைக் குறைத்துச் சக்கரத்தை மேலும் வெளியே தள்ளுவோரும் உண்டு. அது சக்கரத் தாங்கியின்மேல் நெம்புகோலை வைப்பதற்கு ஒப்பாகும், ஸ்டியரிங்கும் கனக்கும். அக்காலத்துப் பொறியாளர் வகுத்த அகலத்திற்கு மேல் ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலம் என்று நிற்பதே அறிவுடைமை. அகலமான டயர் மலாக்கா மழையில் நீரின்மேல் மிதக்கவும் எளிதில் தலைப்படும் என்பதைக் கடைகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ரிம்மின் வயதும் நோக்கத்தக்கது. 1960களில் மினிக்காக வந்த மினிலைட் சக்கரங்கள் மக்னீசியத்தால் வார்க்கப்பட்டவை. எடை மிகக் குறைவு, அரிப்போ மிக விரைவு. கடற்காற்று வீசும் மலாக்காவில் அத்தகைய பழம்பொருளை வாங்குவோர், விரிசல் உண்டா என்று சோதித்த பின்னரே சாலையில் இறக்க வேண்டும். அதே வடிவில் அலுமினியத்தில் புதிதாக வார்க்கப்பட்டவை கிடைக்கின்றன. அழகு சிறிதும் குறையாது.

எல்லாம் பொருந்திய பின்னும் எஞ்சுவது இரப்பரின் வயது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர்தான் ஓடும். பதினைந்தாண்டு சென்றும் டயரின் வரிகள் புத்தம் புதியனபோல் தோன்றும். ஆயினும் உயிர்வளியும் ஓசோனும் இரப்பரை இடையறாது தாக்குகின்றன. டயருக்குள் கலந்துள்ள காப்புமெழுகு, டயர் உருண்டு வளையும்போதுதான் மேற்பரப்புக்குக் கசிந்து வரும். ஓடாமல் கொட்டகையில் நிற்கும் காரின் டயர் அதனால் விரைவாக வறளும். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். வரியின் ஆழம் வயதைச் சொல்லாது. சொல்வது பக்கச்சுவரில் பொறித்திருக்கும் நான்கு இலக்கம். 2000ஆம் ஆண்டு முதல் வந்த டயர்களில் 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் வார்க்கப்பட்டது. அந்த இலக்கங்களுக்கு முன்னே நிற்கும் எழுத்துகள் எந்த ஆலையில் வார்க்கப்பட்டது என்பதைக் குறிப்பன. பால் எந்தத் தோட்டத்தது என்பதற்கு மட்டும் குறியொன்றும் இல்லை. 1965இல் மலேசியத் தர இரப்பர் முறை வந்தபின் பல தோட்டங்களின் பால் ஒன்றாகக் கலந்து, தரமுத்திரை பெற்ற பொதிகளாகவே கப்பலேறிற்று. கெமெண்டோர், மெர்லிமாவ், தெபோங் என்ற பெயர்கள் தோட்டத்துச் சாலைமுனைப் பலகைகளோடு நின்றுவிட்டன. அவற்றைச் சூழ்ந்த நிலங்களிலும் பின்னர்ச் செம்பனை மிகுந்தது.