எலும்பைக் குறைத்து வலியைத் தீர்த்த வரலாறு

செஞ்சிக்குத் தெற்கே, விழுப்புரம் மாவட்டத்தில் பனமலை என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயில் நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த கற்றளி அது. காணச் செல்வோர் மன்னனைப் போற்றுவர். சுவரில் எஞ்சியுள்ள தேவியின் ஓவியத்தை வியப்பர். கல்லைப் பிளந்து, செதுக்கி, அடுக்கிய கைகளை நினைப்பவர் சிலரே. உளியின் தலையில் சுத்தியல் விழுந்தபோதெல்லாம் அந்த அதிர்வைத் தாங்கியது மணிக்கட்டு. உழைப்பவனின் மணிக்கட்டு ஓய்ந்தால் அவன் பிழைப்பும் ஓய்ந்துவிடும். அந்த வலியைத் தீர்க்க எலும்பையே சிறிது குறைக்கும் முறை எவ்வாறு தோன்றியது, அதன் பயன் எத்தனை காலம் நிலைத்தது என்பவற்றைக் காண்போம்.

நம் முன்னங்கையில் எலும்புகள் இரண்டு. கட்டைவிரற் பக்கம் இருப்பது ஆர எலும்பு; சுண்டுவிரற் பக்கம் இருப்பது அல்னா எலும்பு. இவற்றின் நுனிகளுக்கு அப்பால், எட்டுச் சிற்றெலும்புகள் இரு வரிசையாக அமைந்து மணிக்கட்டாகின்றன. அவற்றுள் ஒன்று பிறை வடிவ எலும்பு. முன்னங்கை எலும்புகள் இரண்டும் எல்லாரிடத்தும் ஒரே மட்டத்தில் முடிவதில்லை. ஒருவருக்கு அல்னா சற்றுக் குட்டையாகவும், மற்றொருவருக்குச் சற்று நெட்டையாகவும் இருக்கும். வேறுபாடு சில மில்லிமீட்டரே, விளைவோ பெரிது.

1895-இல் இராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த பிறகே இவ்வேறுபாட்டை உயிருள்ள மனிதரிடம் அளக்க முடிந்தது. 1910-இல் வியன்னா நகர மருத்துவர் கீன்பெக், பிறை எலும்பு வலுவிழந்து நொறுங்கும் ஒரு நோயை விரிவாக எழுதினார். கைகளால் கடுமையாக உழைக்கும் இளைஞர்களிடம் அது மிகுதியாகக் காணப்பட்டது. 1928-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் ஊல்டன், நலமுள்ளோரின் கைப்படங்களை நோயாளரின் படங்களோடு ஒப்பிட்டார். நலமுள்ளோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அல்னா குட்டையாக இருந்தது. நோயாளரிலோ ஏறத்தாழ நால்வரில் மூவருக்கு அவ்வாறு இருந்தது. அல்னா தாங்க வேண்டிய பாரமும் ஆர எலும்பின் வழியே வந்து பிறை எலும்பை நசுக்குகிறது என அவர் கருதினார். அப்படியாயின் ஆர எலும்பைச் சற்றுக் குறைத்து, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொணர்ந்தால் என்ன? 1930-களில் அவ்வாறே அறுவை செய்யப்பட்டது. பின்னாளில் சில நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஊல்டன் கண்ட தொடர்பை உறுதி செய்யவில்லை. எனினும் அந்த அறுவை பலருக்கு வலியைத் தணித்தது.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. ஆர எலும்பு முறிந்து குறுகலாகக் கூடிவிட்டால், அல்னா நெட்டையாகி மணிக்கட்டை இடிக்கும். 1941-இல் அமெரிக்க மருத்துவர் மில்ச், அத்தகைய கைகளில் அல்னாவின் தண்டிலிருந்து ஒரு வளையம் போன்ற துண்டை நீக்கி, முனைகளை இணைத்தார். இதன் காரணத்தை எண்களால் விளக்கியவர்கள் பாமரும் வெர்னரும் ஆவர். 1984-இல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, மணிக்கட்டு தாங்கும் பாரத்தில் அல்னாவின் பங்கு ஏறத்தாழ 18 விழுக்காடு. அல்னாவை 2.5 மில்லிமீட்டர் நீட்டினால் அப்பங்கு 42 ஆக உயர்கிறது. அதே அளவு குறைத்தால் 4 ஆகத் தாழ்கிறது. ஓர் அரிசியின் பருமனுக்குள் இத்தனை மாற்றம்!

ஆனால் அறுவை முடிந்த நாள் வெற்றியின் நாள் அன்று. வெட்டிய எலும்பு கூட வேண்டும். சிலருக்கு அது கூடுவதில்லை. புகைபிடிப்போருக்குக் கூடுவதற்கு நாட்கள் மிகும். எலும்பைப் பிணைத்த உலோகத் தகடு உறுத்துவதால் அதனை எடுக்க மீண்டும் அறுவை செய்வதும் உண்டு. பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் தொடர்ந்து பார்த்த மருத்துவர்கள், பெரும்பாலோருக்கு வலித்தணிவு நிலைத்திருக்கக் கண்டனர். ஆனால் அல்னாவைக் குறைத்தவருள் சிலருக்குப் பக்கத்து மூட்டில் தேய்வு தோன்றியது. கீன்பெக் நோயாளர் சிலருக்கு எக்ஸ் கதிர்ப் படத்தில் சிதைவு முற்றிக்கொண்டே சென்றது. ஆயினும் அவர்களுள் பலர் துன்பமின்றி வேலை செய்து வந்தனர். ஆகவே படத்தை மட்டும் பார்த்து முடிவு கூறலாகாது. மனிதனையும் கேட்க வேண்டும்.

கையைப் பற்றிய இத்தகைய நெடுநோக்கு நம் நாட்டிலும் விளைந்தது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1940-களின் இறுதியில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தினார். அவர்களின் விரல்கள் குறுகுவது சதை அழுகுவதால் அன்று. உணர்ச்சி மரத்துப்போனதால், சூட்டையும் காயத்தையும் அறியாமல் கையைக் கெடுத்துக்கொள்வதால்தான் என்று அவர் காட்டினார். எனவே நிமிர்த்திய கையைக் காக்கும் பழக்கத்தையும் கற்பிக்க வேண்டியிருந்தது. வலி மிகுந்த கைக்கும் கேடு. வலியே அறியாத கைக்கும் கேடு.

மாணவர்களே! ஒரு சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்படும்போது, 'குணமாயிற்றா?' என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். 'பத்து ஆண்டு கழித்து அந்தக் கை என்ன செய்துகொண்டிருந்தது?' என்றும் கேளுங்கள். எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அதற்கு விடை தேடிச் செல்வதே மருத்துவ அறிவின் நேர்மை.