பைல் அடித்தளக் கட்டடங்களைச் சாய்விலிருந்து நிமிர்த்தல்

நிலத்துக்குள் ஆழமாக இறக்கப்படும் தூண்களான பைல்களைக் கொண்ட அடித்தளத்தின் மீது எழுப்பப்பட்டு, பின்னர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்ட கட்டடத்தை இடிக்காமல் மீண்டும் செங்குத்து நிலைக்குக் கொண்டுவரும் பொறியியல் பணி சாய்வு நிமிர்த்தல் எனப்படும். ஆழமில்லாத அடித்தளம் கொண்ட கட்டடத்தை நிமிர்த்துவதைவிட இது கடினமானது. இத்தாலியின் பைசா கோபுரத்தில், உயர்ந்து நின்ற பக்கத்தின் அடியிலிருந்து சிறிது சிறிதாக மண்ணை எடுத்தே சாய்வைக் குறைத்தார்கள். அந்தக் கோபுரத்துக்குப் பைல் கிடையாது. பைல் உள்ள கட்டடத்தில் மேல்மண்ணை எடுத்தாலும் பைல்கள் சுமையைத் தாங்கிக்கொண்டே நிற்கும். ஆகவே, தாங்கி நிற்கும் பைல்களையே கட்டுப்பாட்டுடன் இறங்கச் செய்யவோ, புதிய பைல்களுக்குச் சுமையை மாற்றவோ வேண்டியிருக்கிறது.

சாய்வின் காரணங்கள்

பைல் இரண்டு வழிகளில் சுமை தாங்குகிறது: அதன் முனை கெட்டியான அடுக்கில் ஊன்றி நிற்பதாலும், பக்கவாட்டில் மண்ணோடு ஏற்படும் உராய்வாலும். இவற்றில் ஒன்று கட்டடத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் குறைந்தால் சாய்வு தொடங்கும். பைல் முனை கெட்டி அடுக்கை எட்டாமல் நின்றுவிடுவது, துளையிட்டு வார்க்கும் பைலின் அடியில் சேறு தங்கிவிடுவது, முனைக்குக் கீழே களிமண் அடுக்கு இருந்து காலப்போக்கில் அமுங்குவது ஆகியவை வழக்கமான காரணங்கள். நிலத்தடி நீர் இறங்கும்போது சுற்றியுள்ள மண் அமுங்கி, பைலையும் தன்னோடு கீழே இழுக்கும். இதை எதிர்மறை உராய்வு என்பார்கள்.

பக்கத்து மனையில் பள்ளம் தோண்டுவதும் ஆபத்தானது. பைல்கள் மேலிருந்து வரும் சுமையைத் தாங்க வல்லவை. பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும் திறன் அவற்றுக்குக் குறைவு. 2009 ஜூன் 27 அன்று சீனாவின் ஷாங்காயில் கட்டுமானத்தில் இருந்த 13 மாடிக் குடியிருப்பு அப்படியே சரிந்து விழுந்தது. ஒரு பக்கம் வாகன நிறுத்தத்துக்காகப் பள்ளம் தோண்டி, எடுத்த மண்ணை மறுபக்கம் மலைபோல் குவித்திருந்தார்கள். இந்த ஏற்றத்தாழ்வில் பைல்கள் முறிந்தன.

அளவிடுதல்

உச்சி விலகிய தூரத்தைக் கட்டட உயரத்தால் வகுத்துச் சாய்வைக் கூறுவது வழக்கம். சீனத் தரநிலையில் 24 மீட்டர் வரையுள்ள கட்டடங்களுக்கு 0.004, 60 முதல் 100 மீட்டர் வரையுள்ளவற்றுக்கு 0.0025 என்று வரம்பு உள்ளது. அதாவது 80 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சி 20 சென்டிமீட்டர் வரை விலகலாம். ஆனால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைவிட, சாய்வு இன்னும் வளர்கிறதா நின்றுவிட்டதா என்பதே முதலில் தெரிய வேண்டியது. பைல்கள் முழுமையாக இருக்கின்றனவா, விரிசல் கண்டிருக்கின்றனவா என்பதையும் சோதிக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

முறைகள்

*உயர்ந்த பக்கத்தை இறக்குதல்:* பைல்களை ஒட்டித் துளையிட்டு, அழுத்த நீரைப் பாய்ச்சி மண்ணைத் தளர்த்தினால் உராய்வு குறைந்து பைல் மெல்ல இறங்கும். இன்னொரு வழியில், சுமையைத் தற்காலிகமாக ஜாக்கிகளுக்கு மாற்றிவிட்டுப் பைலின் தலைப்பகுதியை வெட்டுவார்கள். ஜாக்கியைத் தேவையான அளவு இறக்கியபின் வெட்டிய இடத்தைக் கம்பி கட்டி கான்கிரீட்டால் மீண்டும் இணைப்பார்கள்.

*தாழ்ந்த பக்கத்தை உயர்த்துதல்:* புதிய பைல்களை இறக்கி, அவற்றின் மீது ஜாக்கிகளை வைத்துக் கட்டடத்தைத் தூக்குவது.

*கட்டுப்பாட்டுப் பைல்:* மெக்சிகோ நகரின் அமுங்கும் களிமண்ணுக்காகப் பொறியாளர் மனுவேல் கொன்சாலெஸ் ஃப்ளோரெஸ் உருவாக்கியது. பைல் அடித்தளப் பலகையோடு ஒட்டாமல் ஒரு துளை வழியாக மேலே வரும். அதன் தலைக்கு மேல் எஃகு உத்தரம் ஒன்று இருக்கும்; நீண்ட போல்ட்டுகள் அதை அடித்தளத்தோடு பிணைக்கும். உத்தரத்துக்கும் பைல் தலைக்கும் இடையே சிறு மரக் கட்டைகளை அடுக்குவார்கள். சுமை வரம்பு மீறும்போது கட்டைகள் நசுங்கி, பைலைக் காக்கும். கட்டடம் சாயத் தொடங்கினால், தொழிலாளர்கள் அடித்தளத்துக்குள் இறங்கி, உயர்ந்த பக்கத்துப் பைல்களின் சுமையைத் தளர்த்திவிடுவார்கள். அந்தப் பக்கம் இறங்கிச் சமநிலைக்கு வரும். சாய்வைத் திருத்தும் வசதியை அடித்தளத்திலேயே அமைத்துவிடுவது இதன் சிறப்பு.

எந்த முறையானாலும் வரிசை மாறக் கூடாது. அமுங்கும் பக்கத்தை முதலில் நிலைப்படுத்த வேண்டும்; அதன் பிறகே உயர்ந்த பக்கத்தைத் தொட வேண்டும். இறக்கம் நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் அளவிலேயே இருக்க வேண்டும். அவசரப்பட்டால் தூண்களும் உத்தரங்களும் விரிசல் விடும்.

மில்லேனியம் டவர்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 2009இல் திறக்கப்பட்ட 58 மாடிக் கட்டடம் இது. உயரம் சுமார் 197 மீட்டர். இதன் 900க்கும் மேற்பட்ட பைல்கள் அடர்ந்த மணல் அடுக்கோடு நின்றுவிட்டன. அதற்குக் கீழிருந்த களிமண் அமுங்க, 2016க்குள் கட்டடம் சுமார் 40 சென்டிமீட்டர் இறங்கி, வடமேற்கே சாய்ந்தது.

பொறியாளர் ரொனால்ட் ஹாம்பர்கரின் திட்டப்படி, சாயும் இரு பக்கங்களின் ஓரமாக 75 மீட்டருக்கும் அதிக ஆழத்திலுள்ள பாறை வரை புதிய எஃகுப் பைல்கள் இறக்கப்பட்டன. 2021இல் வேலை நடந்தபோதே சாய்வு கூடியதால் பணி நிறுத்தப்பட்டது. பைல் இறக்கும் முறை மாற்றப்பட்டது. 52 என்றிருந்த பைல்களின் எண்ணிக்கை 18ஆகக் குறைக்கப்பட்டது. அடித்தளத்தை வெளிப்புறம் நீட்டி, ஜாக்கிகளால் புதிய பைல்களை அழுத்தி, கட்டடச் சுமையின் ஒரு பகுதி பாறைக்கு மாற்றப்பட்டது. 2023இல் பணி முடிந்தது.

வரம்புகள்

எல்லாக் கட்டடங்களையும் நிமிர்த்த முடியாது. சீனாவின் வூகானில் 18 மாடிக் குடியிருப்பு ஒன்று வேகமாகச் சாய்ந்ததால் 1995 டிசம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சாய்வு வளரும் வேகம் திருத்தும் வேகத்தை மிஞ்சும்போதும், பைல்கள் முறிந்திருக்கும்போதும் உள்ளே இருப்பவர்களை வெளியேற்றுவதே முதல் கடமை. நிமிர்த்திய கட்டடத்தையும் ஆண்டுக்கணக்கில் அளந்துவர வேண்டும். அமுங்குதல் நின்றுவிட்டது என்பதை அந்த அளவீடுகளே உறுதிசெய்யும்.