தாயின் சொல்லும் சத்திரசிகிச்சையும்

இணுவிலில் 1898ஆம் ஆண்டு பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியோட் வைத்தியசாலை எழுந்தது. ஆண் வைத்தியர் முன் வாய்திறக்கக் கூசிய தாய்மார், அங்கே பெண் வைத்தியரிடம் தம் குறையைச் சொல்ல இடம் கிடைத்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அயலூரான மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். 'இரண வைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூல் 1867இல் வெளிவந்தது. மதம் பரப்பும் நோக்கம் இம்முயற்சிகளின் பின்னே இருந்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால், நோயாளியின் மொழியே வைத்தியத்தின் முதற்படி என்ற உண்மை அதனாற் குன்றிவிடாது.

அவ்வுண்மையை உரைத்துப் பார்க்கப் பிறவி இருதயக் குறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருதயத் தசைக்கு இரத்தம் ஊட்டும் இடது நாடி, பெருநாடியிலிருந்து கிளைக்காமல் நுரையீரல் நாடியிலிருந்து கிளைத்துவிடுகிறது. ஏறத்தாழ 3,00,000 பிறப்புகளில் ஒன்றிலே காணப்படும் குறை இது. பிறந்த சில வாரங்களில் நுரையீரல் நாடியின் அழுத்தம் தணிய, இருதயத் தசை பட்டினி கிடக்கிறது. பால் குடிக்கையில் குழந்தை வியர்க்கிறது, வெளிறுகிறது, வீறிட்டு அழுகிறது. வயிற்றுவலி என்று எண்ணிவிடுவது எத்துணை எளிது! சிகிச்சையின்றேல் 100க்கு 90 குழந்தைகள் வரை ஓராண்டுக்குள் மடிகின்றன.

1933இல் பொஸ்ரனில் பிளாண்ட், வைற், கார்லண்ட் என்ற மூவரும் இத்தகைய குழந்தை ஒன்றின் நோயை விளக்கினர், காப்பாற்ற வழியில்லை. 1960இல் சபிஸ்ரன் குழுவினர், இடது நாடிக்குள் வந்த இரத்தம் நுரையீரல் நாடிக்குள் வீணே வழிந்தோடுவதைக் காட்டி, அந்நாடியைக் கட்டி அதனைத் தடுத்தனர். இன்று அந்நாடியை அறுத்தெடுத்துப் பெருநாடியிலேயே பொருத்துகிறார்கள். மிகச் சிறிய நாடி முறுகக்கூடாது, இழுபடக்கூடாது. எட்டாத இடங்களுக்கு, நுரையீரல் நாடிக்குள்ளேயே சுரங்கம்போல வழியமைக்கும் முறையை ரகேயுச்சி 1979இல் வெளியிட்டார். இவையனைத்தையும் முன்னரே நலிந்துபோன இருதயத்தில் செய்தாக வேண்டும். ஆயினும் காலத்தே செய்தால், சோர்ந்த தசை பெரும்பாலும் மீண்டும் வலுப்பெறுகிறது.

காலத்தே என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. "பால் குடிக்கும்போது பிள்ளைக்கு வியர்க்குது" என்று தாய் சொல்லும் ஒரு வாக்கியமே முதற் சோதனை. அதைச் செவிமடுக்க நேரமில்லாத வைத்தியமும், ஏழைக்கு எட்டாத சத்திரசிகிச்சைக் கூடமும் இருந்தால், உலகம் கற்ற அறிவு அக்குழந்தைக்கு யாது பயன்? இவ்வறிகுறிகளைத் தமிழிலே தாய்மாரிடம் கொண்டு செல்வது ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரிய கடமை. இலவச சிகிச்சையை எல்லாக் குழந்தைகளுக்கும் உறுதிசெய்வது அரசின் கடமை. இரண்டையும் நாம் ஒருங்கே கோருவோம்.