பெல்ட்டில் ஓடிய கார்: டாஃப் கதையும் சி.வி.டி.யும்

கியர் மாற்றத் தெரிந்தவர்தான் டிரைவர் என்ற எண்ணம் உலகம் முழுக்க இருக்கிறது. மேட்டில் நிற்கும் வண்டியைப் பின்னால் உருளவிடாமல், கிளட்சை அரைகுறையாக விட்டு நைசாக எடுப்பவருக்கு எங்கேயும் ஒரு தனி மரியாதை. அந்த வித்தை எதுவும் தேவைப்படாத வண்டியில் போகிறவரைப் பார்த்தால் ஒரு சின்னச் சிரிப்பு! இந்தச் சிரிப்பு ஒரு நல்ல கண்டுபிடிப்பை அது பிறந்த நாட்டிலேயே என்ன பாடு படுத்தியது என்பதுதான் நெதர்லாந்தின் டாஃப் காருடைய கதை. இன்று கோடிக்கணக்கான கார்களுக்குள் இருக்கும் சி.வி.டி. அந்தக் கேலிக்கு ஆளான காரின் நேரடி வாரிசு.

முதலில் சி.வி.டி. என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். சாதாரணக் காரின் கியர்பாக்ஸ் ஒரு படிக்கட்டு. முதல் படி, இரண்டாம் படி என்று ஏற வேண்டும். இரண்டு படிகளுக்கு நடுவே நிற்க இடமில்லை. சி.வி.டி. என்பது படிக்குப் பதிலாகப் போட்ட சரிவுப் பாதை. எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிற்கலாம்.

இதன் உள்வேலை, மாவு மில்லில் மோட்டாரையும் அரவை மெஷினையும் இணைக்கும் பெல்ட்டைப் பார்த்தவர்களுக்கு எளிதில் பிடிபடும். மோட்டார் பக்கம் சின்ன புல்லியும் எதிர்ப்பக்கம் பெரிய புல்லியும் இருந்தால் மெஷின் மெதுவாக, ஆனால் பலமாகச் சுற்றும். மாற்றிப் போட்டால் வேகம் கூடும், பலம் குறையும். சரி, ஓடிக்கொண்டிருக்கும்போதே புல்லியின் அளவை மாற்ற முடியுமா? முடியும். ஒவ்வொரு புல்லியையும் உள்பக்கம் சரிவாக உள்ள இரண்டு தட்டுகளாகப் பிளந்துவிட வேண்டும். தட்டுகள் நெருங்கினால் நடுவே இருக்கும் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும், அதாவது புல்லி பெரிதாகிவிட்டது. தட்டுகள் விலகினால் பெல்ட் அச்சை நோக்கி இறங்கும், புல்லி சிறிதாகிவிட்டது. ஒரு புல்லி பெரிதாகும்போது மற்றது அதே கணக்கில் சிறிதாகும். அவ்வளவுதான் ரகசியம்.

லியனார்டோ டா வின்சி இதை 1490லேயே வரைந்துவிட்டார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். (எந்த இயந்திரத்தைத் தொட்டாலும் அவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார்!) காகிதத்தை விட்டுவிட்டு இரும்புக்கு வந்தால், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மில்ட்டன் ரீவ்ஸ் 1879இல் மரம் அறுக்கும் மில்லுக்காக வேகம் மாற்றும் புல்லி ஒன்றைச் செய்தார். 1896இல் தான் கட்டிய மோட்டார் வண்டியிலும் அதையே வைத்தார். ஆனால் லட்சக்கணக்கான சாதாரணக் குடும்பங்கள் தினமும் ஓட்டுகிற வண்டிக்குள் இதைக் கொண்டுபோனவர் இன்னொருவர்.

ஹுப் ஃபான் டோர்னே 1900 ஜனவரி 1 அன்று பிறந்தார். பிறந்த ஊரின் பெயர் அமெரிக்கா! குழம்ப வேண்டாம், நெதர்லாந்தின் லிம்பர்க் மாகாணத்தில் அப்படி ஒரு சின்னக் கிராமம் உண்டு. அப்பா இரும்புப் பட்டறை வைத்திருந்தவர். 1928இல் ஐந்தோவன் நகரில், ஒரு பீர் ஆலையின் வளாகத்துக்குள் கிடைத்த இடத்தில் ஹுப் சொந்தமாக ஒரு பட்டறை தொடங்கினார். தம்பி விம் கணக்கையும் வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டார். லாரிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர்களைச் செய்ததால் கம்பெனிக்கு அதே பொருளில் டச்சு மொழியில் பெயர் வைத்தார்கள். அதன் சுருக்கம்தான் டாஃப். 1949இல் லாரி. அடுத்து கார் செய்ய வேண்டும் என்ற ஆசை.

இங்கேதான் ஹுப் கேட்ட கேள்வி முக்கியமானது. போருக்குப் பிந்தைய நெதர்லாந்தில் பெரும்பாலோர் சைக்கிளில் போய்வந்தார்கள். வாழ்க்கையில் முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடிக்கப்போகும் அந்த மக்களுக்கு எதற்குக் கிளட்சும் கியரும்? ஆட்டோமேட்டிக் கியர் அமெரிக்கப் பெரிய கார்களில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது கனமானது, விலை அதிகம், சின்ன என்ஜினின் பலத்தில் பாதியை அதுவே விழுங்கிவிடும் போல இருந்தது. சின்னக் காருக்கு மலிவான ஆட்டோமேட்டிக் வேண்டும். ரப்பர் பெல்ட்டும் பிளந்த புல்லியும் அதற்குப் பொருந்தின. அந்த அமைப்புக்கு வேரியோமேட்டிக் என்று பெயர் சூட்டினார்.

1958 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் கார் கண்காட்சியில் டாஃப் 600 காட்டப்பட்டது. காற்றால் குளிரும் 590 சி.சி. இரட்டை சிலிண்டர் என்ஜின் முன்னால். அதிலிருந்து வரும் சுழற்சி பின்பக்கம் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனித்தனியாக ஒரு ரப்பர் பெல்ட். வேகம் கூடும்போது முன்புல்லிக்குள் இருக்கும் எடைகள் வெளியே விசிறித் தட்டுகளை நெருக்கும். என்ஜின் காற்றை உறிஞ்சும் இழுவையும் ஆக்சிலேட்டர் மிதிக்கு ஏற்ப அதில் கைகொடுக்கும். கம்ப்யூட்டர் கிடையாது, எண்ணெய் பம்ப் கூடக் கிடையாது. அதிகபட்ச வேகம் மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர்.

ஓட்டுபவருக்கு இரண்டு மிதிகள், ஒரு குட்டிக் கம்பி. கம்பியை முன்னால் தள்ளினால் வண்டி முன்னால் போகும், பின்னால் இழுத்தால் பின்னால் போகும். விளம்பரங்களில் 'புத்திசாலிக் குட்டிக் கம்பி' என்றே அதைக் கொண்டாடினார்கள். கம்பி செய்வது சுழலும் திசையைத் திருப்புவது மட்டுமே, பெல்ட்டும் புல்லியும் எப்போதும்போலத் தம் வேலையைச் செய்யும். ஆகவே டாஃப் முன்னால் போகிற வேகத்திலேயே பின்னாலும் போகும்! பிற்காலத்தில் டச்சுக்காரர்கள் கார்களைப் பின்னோக்கி ஓட்டும் பந்தயங்கள் நடத்தியபோது, மற்ற கார்கள் ரிவர்ஸ் கியரில் அலறிக்கொண்டு தவழ, டாஃப்கள் சீறிக்கொண்டு போயின. போட்டி நியாயமாக இருக்காது என்று அவற்றைத் தனிப் பிரிவாக ஓடவிட வேண்டியிருந்தது.

இந்தக் காரோடு வாழ்வது எப்படி இருந்தது? முதல் விஷயம் சத்தம். வழக்கமான காரில் வேகம் ஏற ஏற என்ஜின் சத்தமும் ஏறும், கியர் மாற்றியதும் இறங்கும். காது அதற்குப் பழகிவிட்டது. வேரியோமேட்டிக்கில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் என்ஜின் முதலில் ஒரு சுருதிக்குப் போய் அங்கேயே நிற்கும். அதன் பிறகு வண்டி மட்டும் மெதுவாக வேகம் பிடித்து வந்து சேர்ந்துகொள்ளும். ரப்பர் பேண்டை இழுத்துவிட்டது போல. உண்மையில் என்ஜின் அந்த நேரத்துக்கு மிகப் பொருத்தமான சுழற்சியில்தான் நிற்கிறது, ஆனால் கேட்பவருக்கு 'கிளட்ச் வழுக்குகிறதோ' என்ற சந்தேகம்தான் வரும். அப்புறம் பெல்ட். ரப்பர் நீளும், தேயும். இழுவிசையைப் பார்த்து அவ்வப்போது சரிசெய்ய வேண்டும், ஒருநாள் மாற்றியும் ஆக வேண்டும். கியர்பாக்ஸை மறந்துவிட்டு ஓட்டப் பழகிய டச்சு மெக்கானிக்குகளுக்கு இது ஒரு புது வேலை. லாபமும் இருந்தது. இரண்டு பின்சக்கரங்களும் தனித்தனியாக இழுக்கப்பட்டதால் சேற்றிலும் பனியிலும் ஒரு சக்கரம் வெட்டியாகச் சுற்றி வண்டி மாட்டிக்கொள்வது குறைவு.

வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் ஹுப்பின் கணக்கு தப்பவில்லை. வயது போன பிறகு லைசென்ஸ் எடுத்தவர்கள், கார் ஓட்ட வந்த பெண்கள், ஒரு கால் செயல்படாததால் கிளட்ச் மிதிக்க முடியாதவர்கள். அதுவரை 'உங்களால் முடியாது' என்று ஒதுக்கி வைக்கப்பட்ட ஆட்கள் சாலைக்கு வந்தார்கள். ஒரு கார் இதைவிடப் பெரிதாக என்ன செய்துவிட முடியும்? ஆனால் அதுவே அதற்கு வினையாகவும் வந்தது. அசட்டுப் பெண்களை உட்காரவைத்துக் குலுக்கும் வண்டி என்ற பொருளில் டச்சில் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பெண்கள் காலுறையைப் பிடித்து நிறுத்தும் எலாஸ்டிக் பட்டியால் ஓடுகிறது என்று இன்னொரு கிண்டல். கேலியில் காரைப் பற்றி எதுவுமே இல்லை. முழுக்க ஓட்டியவர்களைப் பற்றியது.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. 1960களில் ஃபார்முலா 3 பந்தயக் கார்களில் வேரியோமேட்டிக்கை மாட்டி ஓடவிட்டது. 1968 நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட நெடும்பந்தயத்தில் டாஃப் 55 கார்கள் கலந்துகொண்டன. துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வந்து பம்பாயில் கப்பலேறிய பந்தயம் அது. அதன் நினைவாக 'மாரத்தான்' என்ற பெயரில் ஒரு மாடலும் விற்றார்கள். டச்சு ராணுவம் கூட டாஃப் 66ஐ அடிப்படையாக வைத்து ஜீப் போன்ற திறந்த வண்டி செய்து வாங்கியது. ராணுவமே ஓட்டிய பிறகும் பட்டப்பெயர் போகவில்லை. எண்ணிக்கையில் குறைவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட டாஃப் கார்கள் தயாராயின. கேலி செய்துகொண்டே வாங்கினார்கள் போலும்.

இடையில் லிம்பர்க்கின் நிலக்கரிச் சுரங்கங்களை மூடப்போவதாக அரசு 1965இல் அறிவித்தது. வேலை இழக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்காக போர்ன் என்ற ஊரில் டாஃப் புதிய கார் ஆலை கட்ட, அது 1967இல் திறக்கப்பட்டது. ஆனால் கார் செய்வது சின்னக் கம்பெனிக்குத் தாங்கக்கூடிய செலவாக இல்லை. 1972இல் ஸ்வீடனின் வால்வோ மூன்றில் ஒரு பங்கை வாங்கியது, 1975இல் முக்கால் பங்கு அதன் கைக்குப் போனது. டாஃப் வடிவமைத்துக்கொண்டிருந்த கார் 1976இல் வால்வோ 343 என்ற பெயரில் வந்தது. முதலில் வேரியோமேட்டிக் மட்டுமே. இரண்டே ஆண்டுகளில் கையால் மாற்றும் கியர்பாக்ஸையும் சேர்க்க வேண்டியதாயிற்று. சிரித்தவர்கள் ஜெயித்தார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஹுப் 1965இலேயே பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். ஆனால் ரப்பர் பெல்ட்டின் குறை அவரை விடவில்லை. பெரிய என்ஜினின் பலத்தை ரப்பர் தாங்காது. இரும்பில் பெல்ட் செய்தால்? அதுவும் இழுக்கும் பெல்ட்டாக இல்லாமல், தள்ளும் பெல்ட்டாக! கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். பூமாலையைத் தள்ளி வேலை வாங்க முடியுமா? ஆனால் பூக்களுக்குப் பதில் நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் துண்டுகளை இடைவெளியில்லாமல் அடுக்கி, எஃகு வளையங்களால் இறுக்கிக் கோத்துவிட்டால், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு பலத்தைக் கடத்தும். இதற்காக 1972இல் தனிக் கம்பெனி தொடங்கப்பட்டது, பிறகு அது டில்பர்க் நகரில் வளர்ந்தது. ஹுப் 1979இல் காலமானார். 1987இல் ஜப்பானின் சுபாரு ஜஸ்டி அந்த எஃகு பெல்ட்டோடு விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் ஐரோப்பாவில் ஃபியட் ஊனோவும் ஃபோர்டு ஃபியஸ்டாவும். 1993இல் வில்லியம்ஸ் அணி தன் ஃபார்முலா 1 காரில் இதைச் சோதித்துப் பார்த்தது. பந்தயத்துக்கு வருவதற்குள், 1994இலிருந்து, விதிகள் அதற்குத் தடை போட்டுவிட்டன. பாட்டிகளின் கார் என்று சிரித்த அமைப்பை ஃபார்முலா 1இல் தடுத்து வைக்க வேண்டிவந்தது! டில்பர்க் கம்பெனியை 1995இல் பாஷ் வாங்கியது.

அதற்குப் பிறகு ஜப்பானியக் கார்களின் ராஜ்யம். பெட்ரோல் மிச்சம் என்பதால் சின்னக் கார்களில் தொடங்கிப் பெரிய கார்கள் வரை சி.வி.டி. பரவியது. வலியும் கூடவே வந்தது. அதிர்வு, வழுக்கல், சூடு என்று புகார்கள் குவிந்ததால் நிஸான் 2009இல் அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களின் சி.வி.டி.க்கு உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் வரை நீட்டித்தது. எஃகு பெல்ட் எண்ணெயில் குளித்துக்கொண்டே ஓடுவது. அதற்கென்று உள்ள எண்ணெயைத் தவிர வேறு எதை ஊற்றினாலும் கெட்டுவிடும், பழசாக விட்டாலும் கெட்டுவிடும். ரப்பர் பெல்ட்டையாவது டாஃப்காரர் குனிந்து பார்த்தார். மூடிய பெட்டிக்குள் இருப்பதை யார் பார்க்கிறார்கள்?

நம் ஊருக்கு இந்த அமைப்பு காரில் வரவில்லை, ஸ்கூட்டரில் வந்தது. 1984இல் வந்த கைனெடிக் ஹோண்டாவிலும், அதன் பின் வந்த ஆக்டிவா வகையறாக்களிலும் இருப்பது டாஃபில் இருந்த அதே ரப்பர் பெல்ட்டும் பிளந்த புல்லியும் எடைகளும்தான். 'லேடீஸ் வண்டி' என்ற பேச்சும் கூடவே வந்தது என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறகு 2013இல் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தயாரான நிஸான் மைக்ராவிலேயே சி.வி.டி. கிடைத்தது.

இப்போது நடக்கும் கூத்து வேறு. ரப்பர் பேண்ட் சத்தம் பிடிக்கவில்லை என்று வாடிக்கையாளர்கள் சொல்ல, பல கம்பெனிகள் சி.வி.டி.க்குள் கம்ப்யூட்டர் மூலம் பொய்யான படிகளைச் செய்து வைக்கின்றன. கியர் மாறுவது போல என்ஜின் சத்தம் ஏறி இறங்கும். உள்ளே மாறுவதற்குக் கியரே இல்லை. 2018இல் டொயோட்டா ஒருபடி மேலே போய், கிளம்புவதற்கு மட்டும் நிஜமான ஒரு முதல் கியரைச் சேர்த்த சி.வி.டி.யைக் கொண்டுவந்தது. இதிலாவது ஒரு பொறியியல் நியாயம் உண்டு, கிளம்பும்போது பெல்ட்டுக்கு விழும் பாரம் குறைகிறது.

போர்ன் ஆலை வால்வோவுக்குப் பிறகு மிட்சுபிஷி, மினி என்று கைமாறிக் கார் செய்துகொண்டிருந்து, 2024 பிப்ரவரியில் கடைசிக் காரை அனுப்பிவிட்டு நின்றது. டாஃப் என்ற பெயர் இன்று லாரிகளில் மட்டும் இருக்கிறது. ஐந்தோவனில் ஹுப் முதலில் பட்டறை வைத்த இடத்தில் டாஃப் அருங்காட்சியகம் நிற்கிறது. அந்தச் சின்னக் கார்களையும் அங்கே வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.