கர்ணம் கணக்கும் கணினித் திரையும்

எங்கள் ஊர் அகரம், திண்டுக்கல்லை அடுத்த பேரூராட்சி. அகரம் என்றால் முதலெழுத்து. பிராமணருக்கு விடப்பட்ட ஊருக்கும் அதே பெயர். வேர் வேறுதான். ஆனால் ஊர் நிர்வாக வரலாற்றில் எழுத்தும் நிலமும் ஒரே கையில் இருந்தன. அந்த நிர்வாகத்தின் பழைய தொழில்நுட்பம் கணக்குப் புத்தகம். அடங்கலும் சிட்டாவும் கர்ணத்தின் வசம். அவர் திண்ணையில் ஏற முடியாதவன் தன் நிலத்தை அவர் வாயால்தான் கேட்டறிந்தான். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அப்பதவியை ஒழித்தது. கர்ணம் போனார். திண்ணை போச்சா?

1985வரை திண்டுக்கல்லோடு ஒரே மாவட்டமாக இருந்தது மேலூர். அவ்வட்டத்து மேலவளவில், தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்கு வந்த முருகேசன் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே வட்டத்துக்கு 2001இல், சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கம்பியில்லாத் தொழில்நுட்பத்தோடு ‘சாரி’ திட்டம் வந்தது. கிராமத்துக் கணினி மையத்திலிருந்தே தாலுகா ஆபீசுக்குச் சான்றிதழ் மனு போனது. பின்னர் நடந்த ஆய்வு சொன்னது இது: மையத்துக்கு வருவதை வருமானமும் படிப்பும் தீர்மானித்தன, ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பை ஒட்டி மையம் அமைந்தால் அவர்களும் வருவார்கள். கருவி ஒன்றுதான், தெருதான் வேறு.

இன்று இ-சேவை மையமும் இணையவழிப் பட்டாவும் இருக்கின்றன. எல்லோருக்கும் பொது என்கிறது திரை. நான் கேட்பது வேறு: மையம் எந்தத் தெருவுல? சாவி யார் இடுப்புல? இதைக் கேட்காத மின்னாளுகை, கர்ணத்தின் திண்ணைக்குக் கரண்டு இழுத்த கதைதான்.