தாதியின் கடமையும் சட்டத்தின் தீர்ப்பும்

1929ஆம் ஆண்டளவில் மனிலா நகரத்து வைத்தியசாலையொன்றில் தொண்டைச் சதையை அகற்றும் சத்திரசிகிச்சையொன்று நடைபெற்றது. பெரும் ஆபத்தானதென்று எவரும் அஞ்சாத சிகிச்சை அது. வலி தெரியாதிருத்தற்பொருட்டுப் பத்து வீதக் கொக்கேயின் கரைசலை அதிரெனலினுடன் சேர்த்து ஆயத்தஞ் செய்யும்படி வைத்தியர் கட்டளையிட்டார். தலைமைத் தாதியான லொரென்சா சொமேரா அக்கட்டளை சரிதானாவென்று உறுதிசெய்துகொண்டு, சொன்னபடியே மருந்தை ஆயத்தஞ் செய்வித்தார். ஊசியேற்றியவர் வைத்தியர். சிறிது நேரத்துள் நோயாளிக்கு வலிப்புக் கண்டது; உயிரும் பிரிந்தது.

வைத்தியர் கருதியது நொவோகேயின் என்னும் மருந்து. அவர் வாயில் வந்ததோ கொக்கேயின். இரு பெயர்களும் ஓசையில் நெருங்கியவை. குணத்திலோ பெரிதும் வேறானவை. 1884 முதல் கொக்கேயின் உடலின் ஓரிடத்தை மாத்திரம் மரத்துப்போகச் செய்வதற்குப் பயன்பட்டது. தொண்டையிலும் கண்ணிலும் மேலாகப் பூசுவதற்கு அது உதவும். பத்து வீதக் கரைசலை ஊசிமூலம் உடலினுட் செலுத்தினால் அது நஞ்சாகும். அந்த ஆபத்தைத் தவிர்ப்பதற்காகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நொவோகேயின் ஆக்கப்பட்டது.

அக்காலத்திற் பிலிப்பைன் தீவுகள் அமெரிக்கரின் ஆட்சியில் இருந்தன. ஆயினும், குற்றவியற் சட்டம் ஸ்பானியர் விட்டுச் சென்றதே. கவனயீனத்தால் உயிரிழப்பு நேர்ந்ததென்று வைத்தியர்மீதும் தாதிமீதும் வழக்குத் தொடரப்பட்டது. கட்டளையிட்டவர் வைத்தியர், அதனை உறுதிசெய்துகொண்டவர் தாதி, ஊசியேற்றியவரும் வைத்தியரே என்னும் இம்மூன்றும் மன்றில் வெளிப்பட்டன. எனினும் வைத்தியர் விடுதலையானார். சொமேராவுக்கு ஓராண்டுச் சிறையும் ஆயிரம் பெசோ இழப்பீடும் விதிக்கப்பட்டன. கட்டளை பிழையானதென்பதைப் பயிற்சி பெற்ற தாதி உணர்ந்து, அதனை மறுத்து வினவியிருக்கவேண்டும். அவ்வாறு வினவாமையே அவர் குற்றமென்பது தீர்ப்பின் சாரம். மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது.

இத்தீர்ப்பு தாதியருலகை ஏன் அத்துணை கலக்கியது என்பதை அறிய, அவர்கள் பெற்ற பயிற்சியை நோக்குதல் வேண்டும். 1893இல் அமெரிக்காவின் டெற்றொயிற் நகரில், லிஸ்ற்றா கிரெற்றர் என்பாரின் தலைமையில், தாதியருக்கென உறுதிமொழியொன்று வகுக்கப்பட்டது. நைற்றிங்கேல் அம்மையாரின் பெயரை அது தாங்கியபோதிலும், அதனை இயற்றியவர் அவரல்லர். வைத்தியருக்கு விசுவாசத்துடன் துணைநிற்பேன் என்பது அதிலடங்கிய உறுதிகளுள் ஒன்று. பயிற்சிப் பாடசாலைகளும் ஏறத்தாழப் படைவீரரைப் பழக்குமாப்போலவே மாணவியரைப் பழக்கின. வைத்தியர் வந்தால் எழுந்து நிற்கவேண்டும், கேட்டாலன்றிப் பேசலாகாது, அவர்மீது நோயாளி கொண்ட நம்பிக்கையைக் குலைக்கும் சொல் வாயினின்றும் வரலாகாது. இவ்வாறு பழக்கப்பட்ட ஒருத்தியை, நீ ஏன் எதிர்த்துக் கேட்கவில்லை என்று நீதிமன்றம் வினவியது. பாடசாலை புகட்டிய பணிவையே சட்டம் குற்றமாகக் கண்டது எனலாம்.

பிலிப்பைன் தாதியர் கொதித்தெழுந்தனர். பிறநாட்டுத் தாதியர் சங்கங்களும் அவர்களுடன் சேர்ந்து கண்டனக் குரல் எழுப்பின. அதன் பயனாகச் சொமேராவுக்கு மன்னிப்பளிக்கப்பட்டது. ஒருநாளேனும் அவர் சிறையிலிருக்க நேரவில்லை. கண்டித்தவர்கள் கேட்டது அநீதிக்குப் பரிகாரம். ஆயினும் அவர்கள் தீர்ப்பிலிருந்து கற்ற பாடம் வேறொன்று. வைத்தியரின் கட்டளை தாதிக்குக் கேடயமாகாது என்பதே அது. கட்டளையை நிறைவேற்றும் கை தன்னுடையதாயின், பொறுப்பும் தன்னுடையதே.

இப்பாடம் ஏட்டில் ஏறுவதற்கு நெடுங்காலஞ் சென்றது. சர்வதேசத் தாதியர் மன்றம் 1953இற் பிறேசில் நாட்டின் சாவோ பவுலோ நகரில் ஒழுக்கக் கோவையொன்றை ஏற்றுக்கொண்டது. வைத்தியரின் கட்டளைகளை அறிவுடனும் விசுவாசத்துடனும் நிறைவேற்றுதல் தாதியின் கடமையென்றே அக்கோவையும் விதித்தது. அறிவும் விசுவாசமும் ஒன்றோடொன்று முரணும் வேளையில் எதனைக் கைக்கொள்வது என்பதற்கு அதில் விடையில்லை.

அத்தகைய வேளையொன்று 1960 நவம்பரில் இல்லினோய் மாநிலத்தில் வந்தது. காற்பந்தாட்டத்திற் கால் முறிந்த பதினெட்டு வயது மாணவனொருவன் சார்ள்ஸ்ரன் நகர வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். முறிந்த காலுக்கு மாக்கட்டுப் போடப்பட்டது. விரல்கள் வீங்கிக் கறுத்தன. பின்னர் குளிர்ந்து உணர்விழந்தன. கட்டு வெட்டித் தளர்த்தப்பட்டது. மூன்றாம் நாள் இருபுறமும் பிளக்கப்பட்டது. பலன் கிட்டவில்லை. இரு வாரங்கழித்து வேறு வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டும் காலைக் காக்க இயலவில்லை. முழந்தாளுக்குக் கீழ் எட்டு அங்குலத்தில் அது துண்டிக்கப்பட்டது. 1965இல் அம்மாநில உயர் நீதிமன்றம், வைத்தியசாலையே பொறுப்பென்ற தீர்ப்பை உறுதிசெய்தது. இரத்தவோட்டம் தடைப்படுவதை அறியவல்ல தாதியர் போதியளவு இருக்கவில்லை; கண்டதை நிருவாகத்துக்கும் ஏனைய வைத்தியர்களுக்கும் அறிவித்திருக்கவேண்டும் என யூரிமார் முடிவுசெய்ய இடமுண்டு என்றது மன்று. வைத்தியரிடம் ஒருமுறை சொல்லிவிட்டு வாளாவிருத்தல் இனிப் போதாது என்பதைத் தாதியர் இதிலிருந்து உணர்ந்தனர்.

சர்வதேசத் தாதியர் மன்றத்தின் கோவை 1973இல் மெக்சிக்கோ நகரிற் புதுக்கி எழுதப்பட்டபோது, வைத்தியருக்கு விசுவாசம் என்னும் வாசகம் அதில் இடம்பெறவில்லை. தாதியின் முதற்கடமை, பராமரிப்பை வேண்டி நிற்கும் மக்களுக்கே என்றாயிற்று. படைமுகாமின் சொற்கள் விலகி, நீதிமன்றத்தின் சொல்லொன்று அக்காலத்தில் அவ்விடத்தைப் பிடித்தது. இலங்கையில் முன்னாளில் அப்புக்காத்து என வழங்கினரே, அவரைப்போல நோயாளிக்காக வாதாடுபவர் தாதி என்று அமெரிக்கத் தாதியர் கூறலாயினர்.

ஆயின் வாதாடினாலும் தண்டனையுண்டு என்பதை ஐடகோ மாநிலத்துத் தாதிப் போதனாசிரியை ஜொலீன் ரூமா கண்டார். 1976இல், இரத்தப் புற்றுநோயால் வருந்திய பெண்ணொருவர், தமக்கு அளிக்கப்படும் மருந்தேயன்றி வேறு வழிகளும் உண்டோவென வினவினார். ரூமா மறைக்காமல் விடையிறுத்தார். வைத்தியரின் முறைப்பாட்டின்பேரில், நோயாளிக்கும் வைத்தியருக்குமிடையே தலையிட்டார் என்று தாதியர் சபை அவரது அனுமதிப்பத்திரத்தை ஆறுமாதத்துக்கு நிறுத்திவைத்தது. 1979இல் மாநில உயர் நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது. ஆனால் அவர் செய்தது சரியென்று அது கூறவில்லை. எவ்வகை நடத்தை தொழிலுக்குத் தகாதது என்பதைச் சட்டம் தெளிவாக வரையறுக்கவில்லை என்பதே அது காட்டிய காரணம்.